மெக்கானிக்கலில் மேற்படிப்பு எதற்கு? ஒரு பிராக்கெட்டின் உள்மூலையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

மேற்படிப்பு விண்ணப்பத்துக்காக நீங்கள் எழுதி அனுப்பிய எஸ்ஓபியை (ஏன் படிக்க விரும்புகிறேன் என்று சொல்லும் கட்டுரையை) இரண்டு முறை படித்தேன். கூடவே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "எனக்கு உண்மையிலேயே மேலே படிக்கும் ஆர்வம் இருக்கிறதா, இல்லை வேலைக்குப் போகப் பயந்துகொண்டு படிப்புக்குள் ஒளிகிறேனா என்று எனக்கே தெரியவில்லை." இரண்டு பக்க எஸ்ஓபியை விட இந்த ஒரு வரிதான் எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் எஸ்ஓபியைப் பார்ப்போம். சின்ன வயதில் பொம்மைக் காரைப் பிரித்துப் போட்டதில் தொடங்குகிறீர்கள். மெக்கானிக்கலுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில், காரையோ கடிகாரத்தையோ பிரிக்காத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. திரும்ப மாட்டியதாக மட்டும் யாரும் எழுதுவதில்லை! அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். அடுத்த பத்தியில் இயந்திரங்கள் மனித குலத்தின் முதுகெலும்பு என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் உங்களைத் தேர்ந்தெடுக்க அது ஒரு காரணம் ஆகாது.

இரண்டாம் பக்கத்தின் கடைசியில், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில், போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். எல் வடிவ பிராக்கெட் (தாங்கி) ஒன்றை கம்ப்யூட்டர் சிமுலேஷனில் போட்டீர்கள். உள்மூலையில் ஸ்ட்ரெஸ், அதாவது ஓர் அலகு பரப்பில் பொருள் தாங்கும் விசை, 180 மெகாபாஸ்கல் வந்தது. கணக்குப் போடுவதற்காகப் பொருளைச் சின்னத் துண்டுகளாக (எலிமென்ட்களாக) பிரிக்கும் வலைதான் மெஷ். கைடு அதைச் சிறிதாக்கச் சொன்னார். எலிமென்ட் அளவைப் பாதியாக்கியதும் 247. இன்னொரு முறை பாதியாக்கியதும் 338. "நேரம் இல்லாததால் முதல் மெஷ்ஷின் விடையையே ரிப்போர்ட்டில் போட்டுவிட்டோம்" என்று முடித்துவிட்டீர்கள்.

தம்பி, நீங்கள் மேலே படிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அந்த எண்களை வகுத்துப் பாருங்கள். 247ஐ 180ஆல் வகுத்தால் 1.37. 338ஐ 247ஆல் வகுத்தாலும் 1.37. இது தற்செயல் இல்லை, நீங்கள் செய்த தவறும் இல்லை. ரேடியஸ் கொடுத்து வளைவாக்காத கூர்மையான 90 டிகிரி உள்மூலையில், நெகிழ்வுக் கோட்பாட்டின்படி (எலாஸ்டிசிட்டி) ஸ்ட்ரெஸ்ஸுக்கு எல்லையே கிடையாது. மூலையை நெருங்க நெருங்க அது எந்த வேகத்தில் ஏறும் என்பதை வில்லியம்ஸ் என்பவர் 1952இல் கணக்கிட்டுக் காட்டினார். தூரம் பாதியானால் சுமார் 1.37 மடங்கு. மூலைக்குப் பதில் கூர்மையான விரிசல் இருந்தால் 1.41 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். நீங்கள் எவ்வளவு சிறிய மெஷ் போட்டிருந்தாலும் எண் ஏறிக்கொண்டேதான் போயிருக்கும். நிற்கிற இடம் என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் நிஜ பிராக்கெட் ஏன் தொட்டவுடன் உடைவதில்லை? நல்ல கேள்வி. இதே மாதிரி ஒரு கேள்வி நூறு ஆண்டுகளுக்கு முன்பே சிலரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் ஸ்ட்ரெஸ் மூன்று மடங்காகும் என்று கிர்ஷ் 1898இல் காட்டிவிட்டார். இங்லிஸ் 1913இல் அந்த வட்டத்தை நீள்வட்டமாக்கினார். நீள்வட்டத்தின் முனை கூர்மையாகக் கூர்மையாக ஸ்ட்ரெஸ் எல்லை இல்லாமல் ஏறியது. அந்தக் கணக்கை அப்படியே நம்பினால், மெல்லிய கீறல் விழுந்த எந்தக் கண்ணாடியும் ஒரு நொடி கூடத் தாங்கக்கூடாது. ஆனால் தாங்குகிறதே? கிரிஃபித் 1921இல் கேள்வியையே மாற்றினார். முனையில் ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, விரிசல் கொஞ்சம் நீண்டால் வெளிப்படும் ஆற்றல், புதிதாகப் பிறக்கும் மேற்பரப்புக்குத் தேவைப்படும் ஆற்றலுக்குப் போதுமா என்று கேட்டார். போதாவிட்டால் விரிசல் அங்கேயே நிற்கும், போதுமென்றால் ஓடும். அவ்வளவுதான். முறிவியல் என்கிற துறையே இந்தக் கேள்வி மாற்றத்தில் இருந்துதான் வளர்ந்தது.

கிரிஃபித் வேலை பார்த்தது இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில். 1954இல் கொமெட் ஜெட் விமானங்கள் இரண்டு சில மாத இடைவெளியில் நடுவானில் சிதறியபோது விசாரணை நடந்ததும் அதே ஃபார்ன்பரோவில்தான். ஒரு விமானத்தின் உடற்பகுதியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது கேபினில் ஏறி இறங்கும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். அது ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் சுற்றுகளில் கிழிந்தது. கிழிசல் தொடங்கியது ஒரு திறப்பின் மூலையில்.

உங்கள் பிராக்கெட்டுக்கும் அந்த விமானத்துக்கும் இருக்கும் உறவு புரிகிறதா? இதைப் படிக்கும்போது உள்ளே ஏதாவது துள்ளியதா, இல்லை "சரி, அப்புறம்?" என்று கண் அடுத்த வரிக்குத் தாவிவிட்டதா? இதை எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

இளநிலைப் படிப்பு சூத்திரங்களைத் தரும். ஒவ்வொரு சூத்திரத்துக்கும் மேலே சின்ன எழுத்தில் சில அனுமானங்கள் இருக்கும்: பொருள் சீரானது, உராய்வு இல்லை, ஓட்டம் சீரடுக்கானது, மூலை கூர்மையாக இல்லை. பரீட்சையில் யாரும் அவற்றைக் கேட்பதில்லை. மேற்படிப்பு என்பது பெரும்பாலும் அந்தச் சின்ன எழுத்துகளைப் பற்றியது. அனுமானம் உடைந்தால் என்ன நடக்கும் என்று நச்சரிக்கும் மனம் இருந்தால் அதுதான் உந்துதல். மற்றபடி உந்துதல் என்றால் காலையில் எழுந்ததும் பொங்கும் உற்சாகம் என்று நினைக்காதீர்கள். ஆறு மாதமாக ஒரே கோடை (அதாவது புரோகிராமை) திருத்திக்கொண்டிருப்பவரிடம் போய் உற்சாகத்தைப் பற்றிக் கேட்டால் அடிக்க வருவார்.

உங்கள் அப்பா போனில் சொன்ன கவலைக்கும் வருகிறேன். "மெக்கானிக்கல் பழைய துறை, எல்லாம் கண்டுபிடித்து முடித்தாயிற்று, இன்னும் இரண்டு வருடம் அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். முதலாம் ஆண்டு லேப்பில் குழாய்க்குள் சாயத்தை ஓடவிட்டுப் பார்த்திருப்பீர்கள். ரெனால்ட்ஸ் 1883இல் செய்த சோதனை அது. வேகம் கூடினால் நேர்கோடாக ஓடும் சாயம் கலங்கிப்போகும். எந்த இடத்தில் கலங்கும்? அதை ரெனால்ட்ஸ் எண்ணால் சொல்வார்கள்; வேகம், குழாயின் விட்டம், திரவத்தின் பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்துப் போடும் எண் அது. புத்தகங்கள் 2,000 என்றும் 2,300 என்றும் எழுதும். குழாயை மிகக் கவனமாக அமைத்தால் ஒரு லட்சம் வரை கலங்காமல் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். சின்னச் சின்ன அசைவுகளை வைத்துப் போடும் வழக்கமான நிலைத்தன்மைக் கணக்கோ, அது எப்போதுமே கலங்காது என்கிறது! கலக்கம் தானே அடங்கிப்போகாமல் பரவத் தொடங்கும் எல்லை சுமார் 2,040 என்று 2011இல்தான் ஓர் ஆய்வுக் குழு நிறுவியது. முதலாம் ஆண்டுச் சோதனைக்கு விடை சொல்ல 128 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும். நவீன கேஸ் டர்பைன்களில் நிக்கல் கலவையால் ஆன பிளேடுகளின் மேல் அதைவிடச் சூடான வாயு பாய்கிறது. பிளேடு உருகுவதில்லை. உள்ளே நுண்ணிய வழிகளில் குளிர்காற்று ஓடுகிறது, மேலே செராமிக் பூச்சு இருக்கிறது, பிளேடே ஒற்றைப் படிகமாக வார்க்கப்பட்டிருக்கிறது. வெப்பப் பரிமாற்றம், திரவ இயக்கவியல், பொருள் அறிவியல், உற்பத்தி எல்லாம் உள்ளங்கை அளவு உலோகத்தில் கூடுகின்றன. அதில் இன்னும் பத்து டிகிரி கூட்ட முடியுமா என்று ஆயுள் முழுக்க உழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் துறையில் வேலை மிச்சம் இருக்கிறது என்பதாலேயே நீங்கள் அதற்குப் போக வேண்டும் என்று ஆகிவிடாது. உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை கிடைக்கவில்லை, நண்பர்கள் எல்லாரும் போகிறார்கள், சம்பளம் கூடும், வேறு பிரிவுக்கு மாற வேண்டும் என்று பல காரணங்களோடு பிள்ளைகள் வருவார்கள். எதையும் நான் கேவலமாக நினைப்பதில்லை. சம்பளத்துக்காகப் படிப்பது நேர்மையான காரணம்தான். அப்படியென்றால் பாடங்களை மட்டும் படித்து முடிக்கும் முதுநிலையைத் தேர்ந்தெடுங்கள். அதில் கண்ட்ரோல்ஸ், ரோபாட்டிக்ஸ், சிமுலேஷன் மாதிரி கையில் திறமையாக மிஞ்சும் பாடங்களாகப் பாருங்கள். தீசிஸ் உள்ள படிப்புக்குச் சம்பள ஆசையோடு மட்டும் போனால் இரண்டாம் செமஸ்டரில் திணறிப்போவீர்கள். சோதனை ஓடாது, கைடு வெளியூரில் இருப்பார், பக்கத்து அறை நண்பர் வேலைக்குப் போய்விட்டிருப்பார். அப்போது தாங்கிப் பிடிப்பது கேள்வி மட்டும்தான். நண்பர்கள் போகிறார்கள் என்பதற்காகப் போவதை மட்டும் நான் ஒரேயடியாகத் தடுப்பேன்.

கணக்கைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதுநிலை வகுப்பில் திரவ இயக்கவியலோ நெகிழ்வுக் கோட்பாடோ டென்சர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு என்றுதான் தொடங்கும். உங்கள் மதிப்பெண் பட்டியலில் கணிதம் சுமார்தான். அது தடை இல்லை, ஆனால் சேருவதற்கு முன் லீனியர் ஆல்ஜீப்ராவைத் திரும்ப ஒரு முறை முழுதாகப் போடுங்கள். புரிந்த கணக்கைக் கூடப் பரீட்சையில் தப்பாகப் போட்டவர்கள் சமாளித்துவிடுவார்கள். கணக்கைப் பார்த்தாலே எரிச்சல் வருபவர்களுக்குத்தான் இந்தப் பாதை சிரமம்.

வரும் மூன்று வாரங்களில் இதைச் செய்யுங்கள். அதே பிராக்கெட்டை எடுத்து உள்மூலைக்கு 2 மில்லிமீட்டர் ரேடியஸ் கொடுங்கள், அப்புறம் 4, அப்புறம் 8. ஒவ்வொன்றுக்கும் மெஷ்ஷைச் சிறிதாக்கிக்கொண்டே போங்கள். இப்போது எண் ஓரிடத்தில் நிற்கும். எந்த மெஷ்ஷில் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். மூலையைக் கூர்மையாகவே விட்டு, அது எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று சொல்ல வழி இருக்கிறதா என்றும் தேடுங்கள். இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையாவது படியுங்கள். முதல் நாள் ஒன்றும் புரியாது, படங்களை மட்டும் பாருங்கள். மூன்றாவது முறை படிக்கும்போது எந்த வரியில் மாட்டிக்கொண்டீர்கள் என்று சொல்ல முடிந்தால் போதும். யாரும் மதிப்பெண் போடாத வேலை இது. இதைச் செய்யும்போது இரவு மணி பார்க்க மறந்தால் ஒரு விதமான பதில். நான்காம் நாளே கோப்பை மூடிவிட்டால் அதுவும் பதில்தான். வெட்கப்படாமல் கையிலிருக்கும் வேலையில் சேர்ந்துவிடுங்கள். தொழிற்சாலையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, அங்கே உடைந்த ஒரு ஷாஃப்டின் கதையோடு திரும்பி வந்து படித்தவர்கள் எனக்குத் தெரியும். அவர்களிடம் உந்துதல் எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

படிப்பதென்று முடிவானால் புது எஸ்ஓபி எழுதுங்கள். முதல் பத்தியிலேயே அந்த மூன்று எண்கள் வரட்டும்: 180, 247, 338. முதல் மெஷ்ஷின் விடையை ரிப்போர்ட்டில் போட்டதையும் மறைக்க வேண்டாம். அது ஏன் தப்பு என்று இப்போது தெரியும் என எழுதுங்கள். அப்புறம் மூன்று வாரத்தில் என்ன செய்தீர்கள், எங்கே நின்றுபோனீர்கள், அதற்கு மேல் போக எந்த லேப்பில் எந்த வேலை உங்களுக்கு உதவும் என்று எழுதினால் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். பேராசிரியர்களின் பெயர்களை வரிசையாக அடுக்காதீர்கள். யாருடைய கட்டுரையைப் படித்தீர்களோ அவரை மட்டும் சொல்லுங்கள்.

சிமுலேஷன் படங்களையும் கூடவே அனுப்புங்கள், எனக்கும் பார்க்க ஆசை. அப்பாவிடம் நான் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். அவர் கேட்கப்போகும் செலவுக் கணக்கை, இரண்டு வருடச் சம்பள இழப்பையும் சேர்த்து, நீங்களே ஒரு தாளில் போட்டு வையுங்கள்.