பிரித்தானியாவில் ஏ2 லைசென்ஸுக்கு 600 சிசி மோட்டார் சைக்கிளின் வலுவைக் குறைத்து ஓடலாமா?

கேட்டவர் கொடுத்த விவரம் இவ்வளவுதான்: வயது 19, ஏ2 (வலு எல்லையுள்ள இடைநிலை மோட்டார் சைக்கிள் லைசென்ஸ்) கையில் வந்து மூன்று கிழமை, மாமாவின் மகன் தன்னுடைய பழைய நாலு சிலிண்டர் 600ஐ மலிவாகத் தருகிறார், வலுவைக் குறைத்துவிட்டால் ஓடலாம் என்கிறார். இடம் லண்டன். மிச்சத்தை நானே ஊகிக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, காசு பாதி கொடுத்தாயிற்று. சரியா?

கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள் தம்பி. சொந்தக்காரர் என்று கூச்சப்படாதீர்கள்.

ஏ2வுக்கு உச்ச வலு 35 கிலோவாட், அதாவது 47 குதிரைவலு. இது எல்லோருக்கும் தெரியும். எடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு கிலோவுக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் போகக்கூடாது. அதனால் 175 கிலோவுக்குக் குறைந்த வண்டி அந்த 35ஐக்கூடத் தொட முடியாது. ஆளைக் கவிழ்ப்பது மூன்றாவது விதி. குறைத்த பிறகு இருக்கும் வலுவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பிறப்பிலேயே இருந்த வண்டியை நீங்கள் எவ்வளவு குறைத்தாலும் ஏ2வில் ஓட முடியாது. 35இன் இரட்டிப்பு 70 கிலோவாட், ஏறக்குறைய 94 குதிரைவலு. நாலு சிலிண்டர் 600 ஸ்போர்ட்ஸ் வண்டி என்றால் அநேகமாக அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் நிற்கும்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். 2016, எனக்கு இருபது வயது. அண்ணா புதிய விதி வருவதற்கு முன் லைசென்ஸ் எடுத்தவர். அவர் காலத்தில் எல்லை 25 கிலோவாட், 33 குதிரைவலு. இரண்டு வருடம் அந்த எல்லைக்குள் ஓடினால் போதும், முழு லைசென்ஸ் தன்பாட்டில் வந்துவிடும். இந்த இரட்டிப்புக் கணக்கெல்லாம் அப்போது கிடையாது. எந்தப் பெரிய வண்டிக்கும் வலுவைக் குறைக்க வாஷர் (நடுவில் துளையுள்ள வட்டத் தகடு) போடலாம். 2013 ஜனவரி 19இல் எல்லாம் மாறியது. அண்ணா மாறவில்லை. "நான் 600தானே ஓடினேன், ஒரு பிரச்சினையும் வரவில்லை" என்றார். அண்ணா சொன்னால் வேதவாக்கு என்று வளர்ந்த பிள்ளை நான்.

1999ஆம் ஆண்டு ஹொண்டா சிபிஆர்600எஃப் ஒன்றைத் தனியாள் ஒருவரிடம் 1,400 பவுணுக்கு வாங்கினேன். சிவப்பும் கறுப்பும். பிறகு ஒரு கராஜில் 180 பவுண் கொடுத்தேன். கார்புரேட்டருக்கும் உள்ளிழுக்கும் குழாய்க்கும் நடுவே நாலு வாஷர். நடுத்துளை சிறிது என்பதால் உள்ளே போகும் கலவை குறையும், உயர்ந்த சுழற்சியில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். வேலை முடிந்ததும் 35 கிலோவாட் என்று எழுதி, முத்திரை குத்தி ஒரு தாள் தந்தார்கள். அதில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பின்சக்கரத்தில் அளந்திருந்தால் அதற்குக் குறைவாகவே காட்டியிருக்கும்.

காப்புறுதிக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்த பெண் எல்லாவற்றையும் அமைதியாகக் குறித்துக்கொண்டு, "குறைப்பதற்கு முன் எவ்வளவு?" என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன், 110 குதிரைவலு என்று. 81 கிலோவாட். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் மெல்லச் சொன்னார், அந்த லைசென்ஸில் இந்த வண்டிக்குக் காப்புறுதி தர முடியாது என்று. நான் தாளைப் பற்றிச் சொன்னேன். அவர் பாதியைப் பற்றிச் சொன்னார். 81இன் பாதி 40.5, என் 35 அதற்கும் கீழே. அவ்வளவுதான் கதை.

கராஜ்காரர் காசைத் திருப்பித் தரவில்லை. "வாஷர் போடச் சொன்னாய், போட்டோம்" என்றார். அது ஒருவகையில் சரிதான். வண்டி நாலு மாதம் வீட்டுப் பின்வளவில் தறப்பாளுக்கு அடியில் கிடந்து 900 பவுணுக்குப் போனது. வாங்கியவர் வாஷர்களைக் கழற்றி என் கையிலேயே தந்துவிட்டுப் போனார். இன்னும் மேசை லாச்சியில் கிடக்கின்றன.

இங்கே ஒருவர் வந்து, "யார் மறித்துப் பார்க்கப்போகிறார்கள், நானும் ஓடினேன்" என்று எழுதுவார், தெரியும். பொலிஸ் தெருவில் நிறுத்தி கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்கப் போவதில்லைதான். பிடிபடுவது விபத்துக்குப் பிறகு. லைசென்ஸுக்குப் பொருந்தாத வண்டி, அதோடு காப்புறுதியும் செல்லாது என்று ஆனால், காப்புறுதி இல்லாமல் ஓடியதற்கு மட்டுமே குறைந்தது 6 புள்ளி. முதல் முழு லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால் லைசென்ஸே பறிபோகும். கார் லைசென்ஸும் சேர்த்து. மோதுண்டவருக்கு நிறுவனம் கொடுத்த காசை உங்களிடமே திருப்பிக் கேட்கவும் முடியும். பயங்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாரிசில், சூரிச்சில் இருப்பவர்கள் "எங்கள் நாட்டில் அப்படியில்லை" என்று வராதீர்கள், நான் இங்கிலாந்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. என் மச்சான் ஒருவன் 18 வயதில், கார் லைசென்ஸ் எடுத்து ஐந்தாம் மாதம், 300 குதிரைவலுக் காரை மாதக் கட்டணத்துக்கு எடுத்து ஓடினான். காருக்கு வலு எல்லை எதுவும் இல்லை. ஒன்றரைத் தொன் இரும்பை அவன் தெருவில் விரட்டலாம், எனக்கு 47. கல்யாண மண்டபத்தில் அவனைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் "பெடியன் முன்னேறிவிட்டான்" என்பார்கள், என்னைப் பார்த்து "மோட்டச்சைக்கிளில் திரிகிறானாம், பெண் யார் கொடுப்பார்?" என்பார்கள். அந்தக் காரின் மாதக் கட்டணத்தை யார் கட்டினார் என்று யாரும் கேட்கவில்லை. அவனுடைய அப்பா, இரவு வேலை செய்து. சரி, அது வேறு கதை.

பிறகு நான் வாங்கியது யமஹா எம்டி-07. முழு வலு 55 கிலோவாட், பாதி 27.5, ஆகவே 35க்குக் குறைக்கலாம். விற்பனையாளரே குறைத்து எழுதிக் கொடுத்தார். காப்புறுதிக்கு அதே விவரத்தைச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். நீங்களும் காசு கொடுப்பதற்கு முன் அந்த மொடலின் அசல் கிலோவாட்டைத் தேடிப் பாருங்கள், காப்புறுதி விலையையும் முன்னாலேயே கேளுங்கள். இன்னொன்று, இரண்டு வருடம் முடிந்தால் தடையைக் கழற்றலாம் என்று உங்கள் மச்சானும் சொல்லுவார். பொய். பெரிய வண்டியில் இரண்டு சோதனையையும் திரும்பக் கொடுக்க வேண்டும். முதலாவது, மைதானத்தில் வண்டியைக் கையாளும் சோதனை, 15.50 பவுண்; இரண்டாவது, தெருவில் ஓடும் சோதனை, வார நாளில் 75. நான் 2018இல், 22 வயதில் கொடுத்தேன். முதலாவதில் ஒருமுறை தவறினேன்: விலகிச் செல்லும் பயிற்சிக்கு மணிக்கு 50 கிலோமீற்றர் வேண்டும், நான் 47. அந்த எண் என்னை விட்டபாடில்லை.

47 குதிரைவலு சலித்துப்போகாதா என்றும் கேட்பீர்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராத காலத்தில் அப்பா தன் பழைய ஹொண்டாவை மண்ணெண்ணெயில் ஓடினார். சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்து, புகை கக்கிக்கொண்டு, அம்மாவையும் அண்ணாவையும் ஏற்றிக்கொண்டு. அதில் எத்தனை குதிரை மிஞ்சியிருக்கும் என்று யாரும் அளக்கவில்லை. எம்டி-07இல் வலுவைக் குறைத்தாலும் கீழ்ச் சுழற்சியில் இழுவை பெரிதாகக் குறையவில்லை, மேலே போனால்தான் தட்டையாகிவிடும். மோட்டர்வேயில் 70 மைல் ஓட அது தாராளம்.

முழு ஏ லைசென்ஸ் இப்போது என்னிடம் இருக்கிறது, விரும்பினால் 200 குதிரைவலு வண்டி வாங்கலாம். வாசலில் நிற்பது றோயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650. சென்னைப் பக்கம் செய்தது. வலு 47. ஏ2காரர்கள் எதையும் கழற்றாமல் பூட்டாமல் அப்படியே ஓடலாம். அண்ணா பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார்.