பல்கலைக்கழகத்தில் உடல்நலம், பாதுகாப்பு, தீ, சுற்றாடல் ஆகிய நான்கு பொறுப்புகளும் ஒருவரிடமே வந்து சேர்ந்தால் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பதிவாளராக இருக்கும் தங்களிடம், இருக்கிற வேலைக்கு மேலதிகமாக இந்த நான்கும் ஒப்படைக்கப்பட்டுள்ளன என்றும், தனி ஆளணியோ அலுவலகமோ இல்லை, ஒரு கடிதம் மட்டுமே கையில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் இதே நிலையில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சட்டப் புத்தகத்தையும் தீயணைப்பான் பட்டியலையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வாயிற் காவலறையில் இருக்கும் சாவிப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.

இது விளையாட்டுப் பேச்சன்று. ஓர் அறைக்குள் யார் போகலாம், என்ன வைக்கலாம், எப்போது பூட்டலாம் என்பதைத் தீர்மானிப்பவரால் மட்டுமே அந்த அறையின் ஆபத்தைக் குறைக்க முடியும். பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் உங்களால் அது முடியாது. ஆனால் கடிதம் உங்கள் பெயரில் இருப்பதால், ஏதேனும் நடந்தால் எல்லோருடைய விரலும் உங்கள் பக்கமே நீளும். ஆகவே சாவி யாரிடமோ பொறுப்பும் அவரிடமே என்று எழுத்தில் நிலைநாட்டுவதுதான் முதல் வேலை. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி துணைவேந்தரே பிரதான நிறைவேற்று அலுவலர். எனவே அவருடைய கையொப்பத்துடன் ஒரு சுற்றறிக்கை வர வேண்டும். துறைத் தலைவர்களும் விடுதிப் பொறுப்பாளர்களும் தத்தம் இடங்களுக்குப் பொறுப்பு என்பதும், நீங்கள் ஆலோசனை சொல்பவர், பரிசோதிப்பவர் என்பதும், உடனடி ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்தக் கடைசி அதிகாரம் இல்லாவிட்டால் பொறுப்பை ஏற்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பிரித்தானியாவில் தொழிலிட உடல்நலம், பாதுகாப்பு பற்றிய 1974 ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் தொழில்வழங்குநரையும் கட்டுப்படுத்துவதோடு, ஊழியர் அல்லாத மாணவர் போன்றோரையும் கருத்திற் கொள்கிறது. நம்முடைய தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டமோ 1942 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆய்வுகூடத்தையும் மாணவர் விடுதியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. அதனால் உள்ளக ஒழுங்கு நமக்கு இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது.

இன்னொரு சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. விபத்திலிருந்து காப்பதற்கும் திருடரிடமிருந்து காப்பதற்கும் நாம் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். காவலரணையும் சோதனைச்சாவடியையும் பார்த்தே வளர்ந்த எங்கள் ஊரில், பாதுகாப்பு என்றால் பூட்டு, வேலி, காவலாளி என்றுதான் முதலில் தோன்றும். நான் கூட்டிய முதற் குழுக் கூட்டத்தில் பாதி நேரம் மதிலின் உயரத்தைப் பற்றியே பேச்சு நடந்தது. இவ்விரண்டு பொருளும் ஒன்றையொன்று நேரடியாக முட்டும் இடம் விடுதி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சாவிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக நடந்தபோது, யாருடைய பெயரும் எழுதப்படாத ஒரு களஞ்சிய அறை அகப்பட்டது. ஓய்வுபெற்றுப் போன ஒருவர் விட்டுச் சென்ற இரசாயனப் பொருள்கள் அங்கே பல ஆண்டுகளாகக் கிடந்தன. உப்புக்காற்றில் லேபல்கள் உரிந்திருந்தன; இரும்பு இறாக்கைகள் துருவேறிச் சரிந்திருந்தன. எஞ்சியவை ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றும் இந்த முறைதான் ஆபத்தானது. நைத்திரிக் அமிலத்துக்குப் பக்கத்தில் நைத்திரோபென்சீன் வந்து நிற்கும். ஒன்று பிற பொருள்களை எரியத் தூண்டும் ஒட்சியேற்றி, மற்றது எரியக்கூடிய சேதனத் திரவம். இரண்டு போத்தலும் ஒரே நேரத்தில் உடைந்தால் என்ன ஆகும் என்பதை அகரவரிசை கேட்பதில்லை. ஆகவே எரிபற்றும் திரவங்கள், அமிலங்கள், காரங்கள், ஒட்சியேற்றிகள், நீருடன் தாக்கமடைபவை என்று குணத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரு மூலையில் மூடியைச் சுற்றி வெண்ணிறப் படிகம் கட்டியிருந்த ஈதர்ப் போத்தல் ஒன்றையும் கண்டோம். நெடுநாள் வைத்த ஈதரில் பரவொட்சைட்டு உருவாகும். மூடியைத் திருகும் உராய்வே அதை வெடிக்கச் செய்யப் போதும். ஆய்வுகூட உதவியாளர் நல்ல மனத்தோடு அதைக் கையில் எடுக்கப் போனார். அவரைத் தடுத்து, அறையைப் பூட்டி, வெடிபொருள் கையாளத் தெரிந்தவர்கள் வந்து அகற்றும் வரை ஒருவரையும் உள்ளே விடவில்லை.

சுற்றாடல் பொறுப்பு என்றவுடன் மரம் நடுவதைத்தான் பலர் நினைக்கிறார்கள். கழுவுதொட்டியின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதே உண்மையான தொடக்கம். திருகோணமலைக் கரையோரத்தில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணல் நிலம். நிலத்தடி நீர் மிக ஆழத்தில் இல்லை. தொட்டியில் ஊற்றிய கரைப்பான் உறிஞ்சுகுழி வழியாக மணலுக்குள் இறங்கினால், அதே வளவிலுள்ள கிணற்றுக்கு வர நெடுந்தூரம் இல்லை. இதை ஒரு வரைபடத்தில் கீறிக் காட்டிய பிறகே விரிவுரையாளர்கள் கழிவுப் போத்தல் வைக்கச் சம்மதித்தார்கள். அப்போதும் நைத்திரிக் அமிலக் கழிவை அசற்றோன், எதனோல் போன்றவற்றின் கழிவோடு கலக்கக் கூடாது. வாயு பெருகி, மூடிய போத்தல் வெடித்த சம்பவங்கள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. சேர்ந்த கழிவைத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் உரிய அனுமதி பெற்றவர்களிடமே கொடுக்க வேண்டும். புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் உயர் வெப்பத்தில் எரிப்பது இங்கு நடைமுறையில் உள்ள ஒரு வழி. அதற்கான செலவை ஆண்டுப் பாதீட்டிலேயே கேட்டுவிடுங்கள். இடையில் கேட்டால் கிடைக்காது.

தீயைப் பொறுத்தவரை, கரையோரத்தில் கருவியே முதலில் பழுதாகிவிடும். தீயணைப்பானின் ஊசி துருப்பிடித்து இறுகும்; குழாயில் வெடிப்பு விழும். தூள் தீயணைப்பானுக்கு அமுக்கமானி உண்டு. முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று காவலாளியே மாதமொருமுறை பார்க்கலாம். காபனீரொட்சைட்டு வகைக்கு அந்த மானி இல்லை என்பதைப் பலர் அறியார். அதைத் தராசில் எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் வாயுவின் எடையில் 10 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மீள்நிரப்பலுக்கு அனுப்ப வேண்டும். எங்களிடம் அழகாகச் சுவரில் தொங்கியவற்றில் சில வெறும் உருளைகளாக இருந்தன. இத்தோடு கச்சான் காற்று வீசும் மாதங்களில் வளவுப் புல் காய்ந்து கிடக்கும். அந்த நாட்களில் குப்பை எரிக்க அனுமதிக்கவே வேண்டாம். பொலித்தீனைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் சட்டத்துக்கும் விரோதமானது.

உடல்நலப் பகுதியை விரைவாகவே சொல்லலாம். மாரி மழைக்குப் பின் டெங்கு. கூரைப் பீலியையும் கட்டட வேலை நடக்கும் இடங்களையும் வாரந்தோறும் பாருங்கள். 1990 அம்பியூலன்ஸ் இலக்கத்தை ஒவ்வோர் ஆய்வுகூடக் கதவிலும் ஒட்டுங்கள். ஒப்பந்தத்தில் வரும் துப்புரவுப் பணியாளருக்குக் கையுறையும், எதைத் தொடக் கூடாது என்ற விளக்கமும் கிடைக்கிறதா என்று நீங்களே நேரில் கேளுங்கள். ஒப்பந்தகாரர் தரும் கடிதத்தை நம்ப வேண்டாம். கடலுக்கு அருகிலிருந்தால் 2004 ஆழிப்பேரலையை நினைவில் வைத்து, உட்புறமாக உயர் நிலத்துக்குப் போகும் வழியைப் புதிய மாணவருக்கு முதல் வாரத்திலேயே நடத்திக் காட்டுங்கள்.

இனி விடுதி. பெண்கள் விடுதியின் இரும்புக் கதவு இரவு பூட்டப்பட்டு, சாவி பொறுப்பாளரின் தலையணைக்கடியில் இருந்தது. உள்ளே கேத்தல், ரைஸ் குக்கர், ஒரே மல்டி பிளக்கில் நான்கு வயர். பூட்டைக் கழற்றச் சொன்னபோது, பிள்ளைகளுக்கு ஏதேனும் நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்று பெற்றோர் தரப்பிலிருந்து கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதைச் சட்டம் பேசி அடக்க நான் முயலவில்லை. ஒரு மாலை அபாய மணியை அடித்து, கடைசிப் பெண் வெளியே வரும் வரை நேரம் பார்த்தோம். பதினொரு நிமிடம் ஆனது. அதில் பெரும்பகுதி, பொறுப்பாளர் சாவியைத் தேடி எடுத்துப் பூட்டைத் திறந்த நேரம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு தகப்பனார்தான், வெளியிலிருந்து திறக்க முடியாமலும் உள்ளிருந்து தள்ளினால் திறந்து மணி அடிக்கும்படியும் ஒரு தாழ்ப்பாள் போடலாமே என்றார். பராமரிப்புப் பிரிவு அதைப் பொருத்த இரண்டு வாரம் எடுத்தது. அடுத்த ஒத்திகையில் மூன்று நிமிடத்துக்குள் எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். அன்றிரவே சாவிப் பதிவேட்டில் அந்தக் கதவின் வரியை அடித்துவிட்டேன்.