இலைவெட்டித் தேனீயை மகரந்தச் சேர்க்கைக்கு எப்படி வளர்க்கிறார்கள்? தேனும் கிடைக்குமா?

தேன் ஒரு சொட்டுகூடக் கிடைக்காது. நம்மூர்க்காரர்கள் யார் கேட்டாலும் முதல் கேள்வி இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு ராணி கிடையாது, கூட்டமாக வாழும் பழக்கமும் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தன் பாட்டுக்குத் தனியாகக் கூடு கட்டி முட்டையிடும். அந்தக் கோடையோடு ஆயுள் முடிந்துவிடும். காசு வருவது விதையில்தான்.

நான் கனடாவின் தெற்கு ஆல்பர்ட்டாவில் ஒரு விதைப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். இந்தப் பக்கம் குதிரைமசால் (மாட்டுத் தீவனப் பயிர்), ஹைபிரிட் கனோலா (எண்ணெய் வித்துப் பயிர்) இரண்டின் விதை உற்பத்திக்கும் இந்தத் தேனீயைத்தான் நம்பியிருக்கிறார்கள். குதிரைமசால் பூ கொஞ்சம் வில்லங்கமானது. அதன் கீழிதழுக்குள் சூலகமும் மகரந்தத் தாள்களும் விறைப்பாக அடங்கியிருக்கும். தேனீ உட்கார்ந்து அழுத்தினால் பட்டென்று விடுபட்டு அதன் தலையில் அடிக்கும். சாதாரணத் தேனீ சில அடிகள் வாங்கியதும் சுதாரித்துக்கொண்டு, பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத் தேனை உறிஞ்சிவிட்டுப் போய்விடும். பூ திறக்காது, விதையும் பிடிக்காது. இலைவெட்டி அடியைப் பொருட்படுத்துவதே இல்லை.

இது ஐரோப்பா, ஆசியப் பகுதிகளைச் சேர்ந்த பூச்சி. 1940களில் எப்படியோ அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. 1960களில் கனடாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

வயலில் ஆங்காங்கே கிழக்கு பார்த்த கூடாரங்கள் நிற்கும், காலை வெயில் உள்ளே விழ வேண்டும் என்பதற்காக. உள்ளே வரிசையாகத் துளை போட்ட தெர்மாகோல் பலகைகள். தேனீ இலையை வட்டமாக நறுக்கி வந்து துளைக்குள் சுருட்டி, மகரந்தமும் பூந்தேனும் பிசைந்து வைத்து, ஒரு முட்டையிட்டு மூடும். அப்புறம் அதன் முன்னால் அடுத்த அறை. வெளியே எடுத்துப் பார்த்தால் அசல் பீடித் துண்டுதான். பெண்ணாகப் போகும் முட்டைகள் துளையின் ஆழத்திலும் ஆண் முட்டைகள் வாசல் பக்கமும் இருக்கும். வெளியே வருவதும் ஆண்கள்தான் முதலில்.

ஏக்கருக்கு 20,000 முதல் 30,000 தேனீக்கள் வரை விடுகிறார்கள். வாங்குவதும் விற்பதும் கேலன் கணக்கில். ஒரு கேலன் அளவில் சுமார் 10,000 தேனீக்கள் இருக்கும்.

ஆனால் உண்மையான வேலை வயலில் இல்லை, ஷெட்டில்தான். அறுவடைக்குப் பிறகு பலகையிலிருந்து அந்தத் துண்டுகளைத் தள்ளி எடுத்து, குப்பை நீக்கி, குளிர்காலம் முழுக்க 5 டிகிரி அளவில் வைத்திருப்போம். பூப்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்னால் 30 டிகிரி சூட்டில், நல்ல ஈரப்பதத்தில் தட்டுகளில் பரப்ப வேண்டும். எட்டாம் நாளிலிருந்து முதலில் வருவது தேனீ அல்ல, அதன் புழுவைத் தின்று வளர்ந்த பொடிக் குளவிகள்! அவற்றை அப்படியே விட்டால் மற்ற அறைகளையும் துளைத்து முட்டையிட்டுவிடும். அதனால் இருட்டறையில் புற ஊதா விளக்கைப் போட்டு, கீழே சோப்புத் தண்ணீர் வைக்கிறோம். விளக்கைத் தேடி வந்து தண்ணீரில் விழுந்து சாகும். திடீரென்று வெளியே குளிர் வந்து பூப்பு தள்ளிப்போனால் அறையின் சூட்டைக் குறைத்துத் தேனீயையும் சில நாள் தள்ளிப்போடலாம். பண்ணைக்காரர் வானிலை அறிக்கையை மணிக்கொரு தரம் பார்ப்பது இந்த வாரங்களில்தான்.

இந்த இனத்தை இங்கிருந்து ஊருக்குக் கொண்டுபோகும் யோசனை வேண்டாம். தேவையும் இல்லை, நம்மூரிலேயே வேறு இலைவெட்டிகள் இருக்கின்றன. ரோஜா இலையோரத்தில் அச்சு வைத்தது போல வட்டமாக வெட்டு இருந்தால் அது இவற்றின் வேலைதான். செடி அதனால் சாகாது, மருந்து அடிக்காதீர்கள். துவரைப் பூவுக்கு இவை நன்றாக வரும். பென்சில் நுழையும் துளையுள்ள மூங்கில் குச்சிகளை, ஒரு முனை கணுவால் அடைபட்டிருக்கும்படி வெட்டிக் கட்டாகக் கட்டி, மழை படாமல் வயலோரம் வைத்துப் பாருங்கள். குச்சியின் துளை வாயில் பச்சை இலை அடைத்திருந்தால் தேனீ குடிவந்துவிட்டது.