கன்டம் ரசிகர்கள் தங்களுக்குள் ஏன் இவ்வளவு சண்டை போடுகிறார்கள்? புதியவர் எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

கன்டம் என்பது ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சதப் போர் ரோபோ; அது வரும் ஜப்பானிய அனிமே தொடர்களுக்கும் அதே பெயர். கேள்வி கேட்டவர் கூடவே தன் அனுபவத்தையும் எழுதியிருக்கிறார். 'விட்ச் ஃப்ரம் மெர்க்குரி' பார்த்துப் பிடித்துப்போய் ரசிகர் கூட்டத்துக்குள் வந்தாராம். வந்த முதல் வாரமே "அதெல்லாம் கன்டமே இல்லை" என்று யாரோ முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்களாம். படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இதே வார்த்தையை நானும் வாங்கியிருக்கிறேன். நான் உள்ளே வந்த வழி 1995இல் ஜப்பானில் ஒளிபரப்பான 'கன்டம் விங்'. ஐந்து பையன்கள், ஆளுக்கொரு கன்டம். அந்த உற்சாகத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணனிடம் ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது பொண்ணுங்க பார்க்கிற கன்டம்பா, முதல்ல 1979 தொடரைப் பார்த்துட்டு வா" என்றார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் விங் பிடிக்கும் என்று யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

சண்டைக்கு அடிப்படை, கன்டம் ஒரே கதை இல்லை என்பதுதான். 1979இல் யோஷியுகி தோமினோ இயக்கிய முதல் தொடர், 1985இன் 'ஸீட்டா', 1988இல் வந்த 'ஷார்ஸ் கவுண்டரட்டாக்' படம் எல்லாம் 'யுனிவர்சல் செஞ்சுரி' என்ற ஒரே காலக்கோட்டில் வருபவை. 1994இல் 'ஜி கன்டம்' வந்தபோது அந்தக் கோடு அறுந்தது. அதிலிருந்து விங், 2002இல் 'சீட்', 2007இல் 'டபுள் ஓ', 2015இல் 'அயர்ன் பிளட்டட் ஆர்ஃபன்ஸ்', 2022இல் 'விட்ச்' என்று ஒவ்வொன்றும் தனித்தனி உலகம். பெயர் பொது, இரண்டு கொம்பு வைத்த அந்த முகம் பொது, மற்றதெல்லாம் வேறு. ஒவ்வொரு தலைமுறைக்கும் அவரவர் பார்த்த முதல் கன்டம் என்று ஒன்று இருக்கிறது. அடுத்தது வரும்போது, தன் குடும்பப் பெயரை யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி தோன்றுகிறது. அந்த வலி நிஜமானது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வலியை வைத்துக்கொண்டு "இது யாருக்குச் சொந்தம்" என்று பேச ஆரம்பித்தால், வரலாறு அவர்களுக்குத் துணை நிற்காது.

அந்த முதல் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 52 அத்தியாயம் என்று திட்டமிட்டது 43இலேயே முடிக்கப்பட்டது. விளம்பரதாரராக இருந்த பொம்மை நிறுவனத்துக்குச் சரக்கு விற்கவில்லை, பார்வையாளர் எண்ணிக்கையும் கைகொடுக்கவில்லை. ரோபோ கார்ட்டூன் என்றால் சின்னப் பையன்களுக்கானது, வாராவாரம் ஓர் அரக்கன் வருவான், நாயகன் அடித்துத் தள்ளுவான் என்றிருந்த காலம். இங்கேயோ நாயகன் அமுரோ போருக்குப் போக மாட்டேன் என்று அறைக்குள் முடங்கிக் கிடக்கிறான். எதிரிப் படை வீரனுக்கும் வீடு வாசல் இருக்கிறது. அன்றைய கணக்கில் பார்த்தால் 'இதெல்லாம் ரோபோ கார்ட்டூனே இல்லை' என்று சொல்லப்பட வேண்டிய தொடர்தான் இது.

அதைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டவர்களில் பள்ளி, கல்லூரி மாணவிகள் ஏராளம். பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதியதும், எதிரிப் படையின் ஷார் அஸ்னபிள் என்ற பாத்திரத்துக்காக உருகியதும், கையெழுத்துப் பிரதி போல ரசிகர் இதழ்கள் போட்டதும் அவர்கள்தான். விங் வந்தபோதும் சீட் வந்தபோதும் "பெண் ரசிகைகள் வந்து கெடுத்துவிட்டார்கள்" என்று புலம்பியவர்களுக்கு இது தெரியாது, அல்லது மறந்துபோய்விட்டது. அவர்கள் பின்னாடி வந்து ஒட்டிக்கொண்டவர்கள் இல்லை. ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்தவர்கள்.

1981 பிப்ரவரி 22 எனக்கு மிகவும் பிடித்த நாள். முதல் தொடரைத் தொகுத்துத் திரைப்படமாக வெளியிடுவதற்கு முன் தோக்கியோவின் ஷிஞ்சுகு ரயில் நிலையக் கிழக்கு வாசலில் ஒரு விழா வைத்தார்கள். சுமார் 15,000 இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். அன்று மேடையில் 'அனிமே புதுயுகப் பிரகடனம்' வாசிக்கப்பட்டது. வாசித்த இருவரும் முதல் தொடரின் பாத்திரங்களான ஷார், லாலா வேடத்தில் நின்றார்கள். ஷார் வேடமிட்டவர் மாமோரு நாகானோ. நாலே வருஷத்தில் அதே நாகானோ 'ஸீட்டா கன்டம்' தொடருக்கு இயந்திரங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தார். வேடம் கட்டி வந்து நின்ற ஓர் ரசிகர்! ரசிகர் எங்கே முடிகிறார், படைப்பாளி எங்கே தொடங்குகிறார் என்று கோடு போட முடியாத இடத்தில் பிறந்த கூட்டம் இது.

இன்னொரு கூட்டமும் உண்டு, 'கன்ப்ளா' என்ற கன்டம் பிளாஸ்டிக் மாதிரிகளைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுபவர்கள். 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 1/144 அளவில் முதல் கிட்டை 300 யென்னுக்கு விற்றது. தொடர் செத்துப்போன பிறகு அதைத் தூக்கி நிறுத்தியதில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் "தொடரே பார்க்காமல் பொம்மை கட்டுகிறவன் என்ன ரசிகன்" என்று இவர்களை ஏளனமாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், ஓர் அத்தியாயம்கூடப் பார்த்ததில்லை. அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டமான ரன்னரிலிருந்து துண்டை ஒரே வெட்டில் எடுக்க மாட்டார். நிப்பர் என்ற வெட்டுக் குறட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஒரு வெட்டு, அப்புறம் துண்டை ஒட்டி மெல்லியதாக இன்னொரு வெட்டு. அவசரப்பட்டு ஒரேயடியாக வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு அந்த இடம் வெளுத்துப்போகும். அதற்கப்புறம் உப்புத்தாள், அப்புறம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. எதிரிப் படை ரோபோவான ஸாக்குவின் முழங்கால் மூட்டு எப்படி மடங்குகிறது என்று நாற்பத்து மூன்று அத்தியாயமும் பார்த்த எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

இனி 'டர்ன் ஏ கன்டம்'. கேள்விக்கு நேர் பதில் இதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். 1999இல் தோமினோவே இயக்கியது. தலைப்பில் உள்ள தலைகீழான ஏ எழுத்து கணிதத்தில் 'எல்லாவற்றுக்கும்' என்பதைக் குறிக்கும் குறி. அதுவரை வந்த எல்லாக் கன்டங்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் அந்தப் பெயர். அமெரிக்க வடிவமைப்பாளர் ஸிட் மீட் வரைந்த கன்டத்துக்கு மீசை வைத்த மாதிரி முகம், அதற்கே எத்தனை வசவு! கதையில், பழைய போர்களின் நினைவு மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கிறது. அதைக் 'கறுப்பு வரலாறு' என்கிறார்கள். ஒரு கட்டத்தில் அந்தப் பதிவுகள் திறக்கப்படுகின்றன. திரையில் ஓடுவது என்ன தெரியுமா? முந்தைய தொடர்களின் காட்சிகள். யுனிவர்சல் செஞ்சுரியும் வருகிறது, 'கன்டமே இல்லை' என்று ஒதுக்கப்பட்ட ஜியும் விங்கும் வருகின்றன. விங்கை அங்கே பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஜப்பானியச் சொல், 'குரோரெகிஷி', பின்னாளில் பொது வழக்கிலேயே கலந்துவிட்டது. மறக்க நினைக்கும் பழசை எல்லோரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். ரசிகர்களோ தனக்குப் பிடிக்காத தொடரைக் கழித்துக்கட்டவே அதைப் பயன்படுத்துகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளப் பிறந்த சொல்லுக்கு இந்தக் கதி வந்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்காக எல்லாச் சண்டையும் வீண் என்று சொல்ல மாட்டேன். போட வேண்டிய சண்டைகளும் உண்டு. நீங்கள் பார்த்த 'விட்ச்' தொடரையே சொல்கிறேன். முதல் அத்தியாயத்தின் தலைப்பிலேயே மணப்பெண் இருக்கிறாள். நானும் பெண்தானே என்று நாயகி சுலெட்டா திகைக்கும்போது, இங்கே இதெல்லாம் சகஜம் என்கிறாள் அந்த மணப்பெண் மியோரின். 2023 ஜூலையில் வந்த கடைசி அத்தியாயத்தில் இருவர் விரலிலும் மோதிரம். அந்த ஒரு நொடியை நிறுத்தி நிறுத்தி எத்தனை முறை பார்த்தோம் என்று எனக்கே கணக்கில்லை. அதே மாதக் கடைசியில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் இவர்கள் 'திருமணம்' செய்துகொண்டதாக வந்த சொல், மின்பதிப்பில் நீக்கப்பட்டது. அது பார்வையாளரின் புரிதலுக்கு விடப்பட்டது என்று தயாரிப்புத் தரப்பு விளக்கம் சொன்னது. ரசிகர்கள் கொதித்தார்கள். கொதித்தது நியாயம்தான். கதை தெளிவாகச் சொன்னதை வெளியே நின்று மங்கலாக்குவதை எதிர்த்துக் கேட்பதும் அன்புதான்.

முதல் தொடரின் எதிரி நாடான ஜியான் விஷயமும் அப்படித்தான். அந்தச் சீருடையின் மிடுக்கில் மயங்கி, முழக்கம் வரைக்கும் போடுபவர்கள் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவேன். போரின் ஆரம்பத்திலேயே மனிதகுலத்தில் பாதி அழிந்தது என்று முதல் தொடர் சொல்கிறது. ஜியானின் தலைவர் தன் மகன் கீரெனைப் பார்த்தே ஹிட்லரின் வால் என்று சொல்கிறார். இதற்கு மேல் ஒரு கதை எப்படித் தெளிவாகச் சொல்லும்?

எங்கே தொடங்குவது? தொடங்கிவிட்டீர்களே! விட்சிலிருந்து உங்களை யாரும் பின்னுக்கு இழுக்க வேண்டாம். அடுத்தது வேண்டுமென்றால் 1981, 82இல் வந்த மூன்று தொகுப்புப் படங்கள் இருக்கின்றன, பழைய வரைகலைக்குக் கண் பழக ஒரு மணி நேரம் ஆகும். 2025இல் வந்த 'ஜீக்வக்ஸ்' பார்க்க ஆசையிருந்தால் அதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். 1979 தொடரில் வரும் போரில் ஜியான் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அதன் கதை. போரின் அசல் முடிவு தெரிந்தால்தான் ருசிக்கும்.

என் அக்கா மகளும் உங்களைப் போல விட்ச் வழியாக வந்தவள்தான். நான் எதையும் சொல்லவில்லை, அவளே போய் முதல் தொடரை எடுத்தாள். போன வாரம் பதின்மூன்றாம் அத்தியாயம் வரை வந்திருக்கிறாள். அமுரோ தன் அம்மாவைச் சந்திக்கும் அத்தியாயம் அது. தாயின் கண்முன்னால் ஓர் எதிரி வீரனைச் சுடுகிறான். அந்த ஆளுக்கும் பிள்ளைகள் இருக்குமே என்று தாய் பதறுகிறாள். ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "மாமா, அம்மா சொல்றதும் சரி, அவன் சொல்றதும் சரி, இப்ப நான் யார் பக்கம் நிக்கிறது?" விடிய விடிய பேசினோம்.