சப்பை இறங்கவில்லை, முதலில் குளம்பைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அப்பா காலத்தில் சிவாஜிநகரில் ஜட்கா ஓட்டினோம். இப்போது கல்யாண ஊர்வலத்துக்காக ஒரு வெள்ளைக் குதிரை மட்டும் வைத்திருக்கிறோம். பெட்டை, 9 வயது. ஒரு மாதமாக இடது முன்னங்கால் நொண்டுகிறது. நடுவில் நான்கு நாள் தேறின மாதிரி இருந்தது, திரும்பவும் வந்துவிட்டது. இடது தோள் வலதைவிட ஒட்டிப்போய்த் தெரிகிறது. பெரியப்பா பார்த்துவிட்டு, சப்பை, அதாவது தோள்பட்டை, இறங்கிவிட்டது, சூடு போட்டால்தான் நிற்கும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் முட்டியில் அடி என்கிறார். லாடம் மாற்றி ஐந்து வாரம்தான் ஆகிறது, அதனால் குளம்பில் கோளாறு இருக்காது. அந்த வாரக் கடைசியில் ஓர் ஊர்வலத்துக்குப் போய் வந்த பிறகுதான் நொண்ட ஆரம்பித்தது. வீட்டில் ஒரு கலப்பினப் பசுவும் இருக்கிறது. அதற்கும் முன்னங்கால் முட்டியில் தேங்காய் அளவு வீக்கம். இரண்டுக்கும் ஒரே நோயா?

பதில்: சூடு போட வேண்டாம். பெரியப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தோலைச் சுட்டால் அந்த வலியில் பழைய வலி இரண்டு நாள் மறைந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். காரணம் இருக்கிற இடத்திலேயே இருக்கும், புண் மட்டும் புதிதாகச் சேரும். ஊர்வலத்துக்கும் அனுப்பாதீர்கள். நொண்டும் மிருகத்தை வேலைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், காலை எடுத்து வைக்கவே வலிக்கும் ஒரு பிராணியின் மேல் மாப்பிள்ளையை ஏற்றக்கூடாது.

இனி சப்பைக்கு வருவோம். நமக்குத் தோளையும் நெஞ்சையும் சேர்த்துப் பிடிக்கக் காறை எலும்பு இருக்கிறது. குதிரைக்கும் மாட்டுக்கும் அது கிடையாது. நாய்க்குப் பேருக்கு ஒரு துணுக்கு, பூனைக்குச் சின்னக் குச்சி மாதிரி ஒன்று. ஆக, குதிரையின் முன்னங்கால் உடம்போடு எந்த எலும்பு மூட்டாலும் சேரவில்லை. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே நெஞ்சுக்கூடு தசைகளால் தொங்குகிறது. வீட்டில் குழந்தைக்குத் தூளி கட்டுவோமே, அதேபோல. தூளித்துணி விலாவிலிருந்து விசிறி மாதிரி விரிந்து தோள்பட்டையின் உட்பக்கம் போய் ஒட்டும் ஒரு பெரிய தசை. தூளிக்குள் இருப்பது குதிரையின் முன்பாதி முழுவதும்.

தோள்பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே மூட்டே இல்லை என்றால் அங்கே எது இறங்கும்? தோள்பட்டை எலும்பும் மேற்கை எலும்பும் சேரும் இடத்தில் ஒரு மூட்டு உண்டு, உண்மைதான். ஆனால் அது சுற்றிலும் கனத்த தசைக்குள் புதைந்திருக்கிறது, குதிரையில் அது நழுவுவது அபூர்வம். அப்படி நழுவியிருந்தால் உங்கள் குதிரை நடுவில் நான்கு நாள் தேறியிருக்காது, காலை ஊன்றவே முடியாமல் நின்றிருக்கும்.

அப்படியானால் தோள் ஏன் ஒட்டிப்போனது? பெரியப்பா கண்ணால் பார்த்தது பொய்யில்லை. வலிக்கிற காலை ஒரு மாதம் குதிரை சரியாகப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தாத தசை வற்றும். கட்டுப் போட்ட கையைப் பிரித்துப் பார்த்தால் அது மெலிந்திருக்கும் இல்லையா, அதே கதைதான். குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே சொல்லிக்கொள்ளும்படி தசையே கிடையாது. அதனால் நோய் காலின் எந்தப் பகுதியில் இருந்தாலும் வற்றுவது மேலே தோளில்தான் தெரியும். சூடு போட்ட தழும்போடு என்னிடம் வந்த குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் கீழே இருந்தது, தழும்பு மேலே இருந்தது. ஒன்றை மட்டும் விலக்கிச் சொல்கிறேன். ஜட்கா இழுத்த குதிரைகளுக்குக் கழுத்துப்பட்டை சரியாகப் பொருந்தாமல் தோளின் முன்பக்கம் அழுத்தி, அங்கே ஓடும் நரம்பு கெட்டுத் தோள் வற்றுவது உண்டு. தோள்பட்டையின் நடுமுகடு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் அப்பா பார்த்திருப்பார். உங்கள் குதிரை வண்டி இழுப்பதில்லை என்பதால் அதற்கு வாய்ப்புக் குறைவு.

அடுத்தது முட்டி. நாம் குதிரையின் முன்னங்கால் முட்டி என்று சொல்வது முழங்கால் இல்லை, மணிக்கட்டு. சந்தேகமாக இருந்தால் உங்கள் கையையே வைத்துப் பாருங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, நடுவிரல் என்று ஒவ்வொன்றாகக் குதிரையில் தேடுங்கள். முழங்கை வயிற்றோரம் நெஞ்சை ஒட்டி இருக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதற்குக் கீழே முன்கை. நமக்கு அங்கே இரண்டு எலும்பு, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பலாம். குதிரைக்கு இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிட்டன, திருப்ப முடியாது. பிறகு மணிக்கட்டு, அதாவது நீங்கள் சொல்லும் முட்டி. ஏழெட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கி இருக்கும். அதற்குக் கீழே நீளமாகத் தெரிவது உள்ளங்கை எலும்பு, நடுவிரலுக்கு உரியது. அதன் இரண்டு பக்கமும் குச்சி மாதிரி ஒட்டியிருப்பவை பக்கத்து விரல்களின் மிச்சம். கடைசியில் மூன்று விரல் எலும்புகள், அதில் கடைசி எலும்பு குளம்புக்குள். குதிரை நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில். குளம்பு அந்த விரலின் நகம்.

மாடு இரண்டு விரலில் நிற்கிறது, நடுவிரலும் மோதிர விரலும். மாட்டு லாடம் இரண்டு துண்டாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பன்றிக்கு நான்கு விரல், கட்டைவிரல் இல்லை. நாய் நான்கு விரலில் நடக்கும், கட்டைவிரல் தரையைத் தொடாமல் உள்பக்கம் மேலே நிற்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும் குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. 300 கிலோ குதிரை என்றால் ஒவ்வொரு முன்குளம்பிலும் 90 கிலோ. ஆளும் சேணமும் ஏறினால் இன்னும் கூடும். பாய்ந்து ஓடும்போது ஒற்றைக் காலில் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். இத்தனையும் ஒரு நகத்தின் வழியாகப் போகிறது. இப்போது நம் ஊரில் தெருத்தெருவாகப் போடும் ஒயிட் டாப்பிங் கான்கிரீட் சாலையில் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். முன்னங்கால் நொண்டலுக்கு முதலில் குளம்பைப் பார் என்று கால்நடை மருத்துவத்தில் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

லாடம் புதிது என்பதால் குளம்பில் கோளாறு இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை நேர்மாறாகப் படிக்கிறேன். லாடம் மாற்றிய வாரக் கடைசியில் நொண்டல் ஆரம்பித்தது என்றால் என் முதல் சந்தேகமே அந்த ஆணிகள்தான். குளம்பின் வெளிச்சுவர் செத்த நகம், அதில் ஆணி அடித்தால் வலிக்காது. உள்ளே உயிருள்ள சதை. அடிப்பக்கம் இருந்து பார்த்தால் சுவரும் அடித்தளமும் சேரும் இடத்தில் ஒரு வெளிர்மஞ்சள் கோடு ஓடும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே போனால் உடனே ரத்தம் வரும், குதிரை அங்கேயே காலை இழுத்துக்கொள்ளும். அதைவிடக் கெட்டது, ஆணி உள்ளே போகாமல் கோட்டை ஒட்டி நின்று சதையை அழுத்திக்கொண்டே இருப்பது. அன்றைக்குத் தெரியாது, நான்கைந்து நாள் கழித்துத் தெரியும். அழுக்கு சேர்ந்தால் சீழ் பிடிக்கும். மற்ற இடத்தில் சீழ் பிடித்தால் வீங்க இடம் இருக்கிறது, குளம்பு வீங்காது. பெட்டிக்குள் அடைபட்ட சீழ் எலும்பில் அடித்த மாதிரி வலிக்கும். கொஞ்சம் வடிந்தால் தேறும், அடைத்தால் திரும்ப வரும். நீங்கள் சொன்ன அந்த நான்கு நாள் எனக்கு இதைத்தான் நினைவுபடுத்துகிறது. நேரில் பார்க்காமல் இதுதான் என்று முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் தேடலை இங்கிருந்து தொடங்குங்கள்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. குதிரை சும்மா நிற்கும்போது எப்படி நிற்கிறது? நல்ல குதிரை பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஓய்வு கொடுக்கும், முன்னங்கால் இரண்டையும் ஊன்றியே நிற்கும். முன்னங்காலில் தசைநாண்களும் நார்களும் கயிறு கட்டின மாதிரி மூட்டுகளைப் பிடித்துக்கொள்வதால் அதிகம் களைப்பில்லாமல் நின்றபடியே தூங்கவும் முடியும். அப்படிப்பட்ட மிருகம் ஒரு முன்னங்காலை மட்டும் முன்னே நீட்டி வைத்திருந்தால் அந்தக் கால் வலிக்கிறது என்று பொருள்.

அப்புறம், யாரையாவது கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு கெட்டியான தரையில் மெல்ல ஓட்டிக்கொண்டு போகச் சொல்லி, எதிரே நின்று தலையைப் பாருங்கள். வலிக்கிற கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும், நல்ல காலை ஊன்றும்போது கீழே இறங்கும். பலர் இதைத் தலைகீழாகப் படித்து நல்ல காலுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். பிறகு மண் தரையில் அதே மாதிரி பாருங்கள். கான்கிரீட்டில் அதிகமாகவும் மண்ணில் குறைவாகவும் நொண்டினால் குளம்பின் மேல் சந்தேகம் வலுக்கும்.

காலைத் தூக்கி, குளம்படியைக் கொக்கியால் சுத்தம் செய்யுங்கள். நடுவில் ரப்பர் மாதிரி முக்கோணமாக இருக்கும் பகுதியின் ஓரப் பள்ளங்களில் கறுத்து நாற்றமடித்தால் ஈரத்தில் நின்று அழுகுகிறது. புறங்கையை வைத்து இரண்டு முன்குளம்புகளின் சூட்டையும் ஒப்பிடுங்கள். குளம்புக்கு மேலே முதலில் வரும் மூட்டின் பின்பக்கம், இரண்டு ஓரத்திலும் விரலை மெதுவாக வைத்தால் நாடி கிடைக்கும். நல்ல குதிரையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இடதில் மட்டும் டக் டக்கென்று அடித்தால் அந்தக் குளம்புக்குள் அழற்சி இருக்கிறது.

குளம்பு குளிர்ந்தும் நாடி அமைதியாகவும் இருந்தால் மேலே போங்கள். முட்டிக்கும் கீழ் மூட்டுக்கும் நடுவே பின்பக்கம் கயிறு மாதிரி ஓடுவதை எல்லோரும் நரம்பு என்கிறார்கள். அது நரம்பு இல்லை, தசைநாண். அங்கே வில் மாதிரி புடைத்துச் சூடாக இருந்தால் நாண் கிழிந்திருக்கிறது. எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். குளிர்ந்த தண்ணீரை 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை ஊற்றி, குதிரையைக் கட்டி வையுங்கள். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது. குதிரை இரண்டு முன்னங்கால்களையும் முன்னே நீட்டி, எடையைப் பின்னால் சாய்த்து, நகரவே மாட்டேன் என்று நின்றால் குளம்புக்குள் எலும்பையும் சுவரையும் பிணைத்து வைத்திருக்கும் மடிப்புகள் வீங்குகின்றன. ஒரு குளம்பில் அப்படிச் சுமார் 600 மடிப்பு உண்டு. அவை விட்டுக்கொடுத்தால் எலும்பு குளம்புக்குள்ளேயே சுழன்று இறங்கிவிடும். கல்யாண வீட்டில் மிச்சமான சாதம், ரொட்டி, இனிப்பு என்று ஆசையாக அள்ளிக் கொடுப்பது இதற்கு ஒரு பெரிய காரணம். தயவுசெய்து கொடுக்க விடாதீர்கள்.

பசுவின் வீக்கம் வேறு விஷயம். மாடு எழும்போது முதலில் பின்பக்கத்தைத் தூக்கும், அதுவரை முன்பாரம் முழுவதும் மடித்த மணிக்கட்டின் மேல். சிமென்ட் தரையில் தினமும் பல தடவை இப்படி எழுந்தால் அங்கே தோலுக்கடியில் நீர் கோக்கும். குதிரை முன்னங்காலை நீட்டி முன்பக்கத்தை முதலில் தூக்கும், அதனால் அதற்கு அந்த இடத்தில் இப்படி வருவது குறைவு. மாட்டுக்கு ரப்பர் விரிப்போ தடிமனாக வைக்கோலோ போடுங்கள். வீக்கத்தை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். கன்றுவீச்சு நோய் உள்ள மாடுகளில் அந்த நீரில் கிருமி இருக்கலாம், அது மனிதர்களுக்கும் தொற்றும். ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள்.

குதிரைக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டதால் எப்படியும் லாடம் கழற்ற வேண்டிய நேரம்தான். லாடம் அடிக்கும் நால்பந்த் தனியாகக் கழற்ற வேண்டாம், மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது ஆணிகளை ஒவ்வொன்றாக எடுக்கட்டும். எந்த ஆணியை எடுக்கும்போது குதிரை துள்ளுகிறது, எந்த ஓட்டையில் ஈரம் அல்லது கறுப்பு நீர் வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆணி குத்தியிருந்தால் ரண ஜன்னித் தடுப்பூசி கட்டாயம், மிருகங்களில் அந்த நோய் குதிரையைத்தான் மிக எளிதாகப் பிடிக்கும். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அங்கே எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே காலின் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாக மரத்துப்போகும் ஊசி போட்டு, எந்த ஊசிக்குப் பிறகு நொண்டல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அங்கே கன்னடத்தில் பேச வேண்டியிருந்தால் குளம்புக்குக் கொரசு, முட்டிக்கு மண்டி. நாம் மண்டியிடுவது என்கிறோமே, அதே மண்டி. வண்டியில் ஏற்றும்போது குதிரையை அவசரப்படுத்தாமல், தரையில் வைக்கோல் போட்டு ஏற்றுங்கள். எந்த நாள் லாடம் அடித்தது, எந்த நாள் நொண்டல் தொடங்கியது, எந்த நான்கு நாள் தேறியது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.