மடிக்கணினியும் ஒரு சிறிய தொலைநோக்கியும் இருந்தால் சூடான துணைக்குள்ள விண்மீன்களை நிறமாலை பார்த்துப் பட்டியலிட முடியுமா?

கேள்வியின் சாரம் இது: கேட்டவர் ஹட்டன் பக்கம் இருக்கிறார், உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர், பைதன் கொஞ்சம் தெரியும், 8 அங்குலத் தொலைநோக்கி ஒன்று உண்டு. சூடான துணைக்குள்ளன்களை வகைப்படுத்த எங்கே தொடங்குவது, எங்கே பிழை வரும் என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் இதில் தொலைநோக்கியைவிட மடிக்கணினிக்குத்தான் வேலை அதிகம். சீனாவின் லாமோஸ்ட், அமெரிக்காவின் ஸ்லோன் ஆகிய அளவீடுகள் லட்சக்கணக்கான நிறமாலைகளைப் பொதுவில் வைத்திருக்கின்றன. லாமோஸ்டின் குறைந்த பிரிதிறன் கோப்பு ஒன்று சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. ஆயிரம் விண்மீன்களை இரவு நேர டேட்டாவிலேயே இறக்கிவிடலாம்.

எதைத் தேடுகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கமான துணைக்குள்ளன் ஒன்றின் திணிவு ஞாயிற்றுத் திணிவில் 0.47 பங்கு அளவு. ஆரை ஞாயிற்றினுடையதில் 0.1 முதல் 0.3 பங்கு. கருவில் ஈலியம் எரிகிறது, மேலே மிக மெல்லிய ஐதரசன் தோல். எஸ்டிபி (பி வகைத் துணைக்குள்ளன்) என்ற வகைக்கு 20,000 முதல் 40,000 கெல்வின் வரை வெப்பநிலை; எஸ்டிஓ (ஓ வகைத் துணைக்குள்ளன்) அதற்கும் மேலே. 1947இல் ஹியூமசனும் சுவிக்கியும் நீல விண்மீன்களைத் தேடியபோது அகப்பட்டவை இவை. 2022இல் வெளியான பட்டியலில் அறியப்பட்டவை 6,616. விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த ஐரோப்பிய விண்கலமான கையாவின் தரவிலிருந்து பொறுக்கிய வேட்பாளர்கள் 61,585. இந்த இடைவெளியில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: வகை என்ற நிரலில் நிறமாலை காட்டியதை மட்டும் எழுதுவது. அந்த விண்மீன் எப்படிப் பிறந்தது, உள்ளே என்ன எரிகிறது என்பதெல்லாம் வேறு நிரல். எச்டி 188112 என்ற விண்மீன் இதற்கு நல்ல உதாரணம். நிறமாலையில் அது எஸ்டிபிதான். ஆனால் அதன் திணிவு 0.24 அளவில்தான் வருகிறது. அவ்வளவு குறைந்த திணிவில் ஈலியம் எரியாது. அது ஈலிய வெண்குள்ளனாகச் சுருங்கிக்கொண்டிருக்கும் பொருள். இரண்டையும் ஒரே நிரலில் கலந்தால் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

வேட்பாளர்களைப் பொறுக்க கையாவின் மூன்றாம் தரவு வெளியீடு போதும். இடமாறுதோற்றத்தின் (தூரத்தைக் காட்டும் சிறு கோண நகர்வின்) வழு 20 வீதத்துக்குள் இருப்பவற்றை எடுங்கள். தனிப் பொலிவெண் (தூரத்தின் விளைவை நீக்கிய உண்மைப் பிரகாசம்) காண வழி சுலபம்: தோற்றப் பொலிவெண்ணோடு, மில்லிவில்செக்கனில் உள்ள இடமாறுதோற்றத்தின் மடக்கையை ஐந்தால் பெருக்கிக் கூட்டி, 10ஐக் கழியுங்கள். பொலிவெண் 13, இடமாறுதோற்றம் 2 என்றால் விடை 4.5. நீல நிறத்தோடு இந்த 4.5ஐச் சுற்றி விழுபவைதான் நம் ஆட்கள். வெண்குள்ளன்கள் கீழே 10ஐ ஒட்டி இருக்கும், சாதாரண பி வகை விண்மீன்கள் நன்றாக மேலே. பால்வீதித் தளத்துக்கு அருகில் தூசு நிறத்தைச் சிவப்பாக்கிவிடும் என்பதால் அங்கே நிற எல்லையைத் தாராளமாக வையுங்கள்.

இந்த இடத்திலேயே பலரின் பட்டியல் கெட்டுப்போகிறது, அதுவும் வானியலால் அல்ல, எக்செலால். கையாவின் அடையாள எண் பெரும்பாலும் 19 இலக்கம். எக்செல் எண்களை 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும். மிச்சத்தைச் சத்தமில்லாமல் பூச்சியமாக்கிவிடும். கோப்பை ஒருமுறை திறந்து சேமித்தாலே போதும், எல்லா எண்களும் பாழ். அந்த நிரலை எழுத்து வடிவமாகவே வையுங்கள், அல்லது எக்செலை விட்டு, வானியல் அட்டவணைகளுக்கான டாப்கேட் மென்பொருளில் வேலை செய்யுங்கள். இரண்டாம் வெளியீட்டு எண்ணும் மூன்றாம் வெளியீட்டு எண்ணும் எப்போதும் ஒன்றாக இருக்காது என்பதால் எந்த வெளியீடு என்பதையும் எழுதுங்கள்.

கையாவின் ஆயங்கள் 2016ஆம் ஆண்டுக்கானவை. நிறமாலை அளவீடுகளின் ஆயங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. ஆண்டுக்கு 50 மில்லிவில்செக்கன் நகரும் விண்மீன் 16 ஆண்டில் 0.8 வில்செக்கன் தள்ளிப்போகும். சொந்த இயக்கத்தைக் கொண்டு ஆயத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய், 3 வில்செக்கனுக்குள் பொருத்துங்கள். ஒரே விண்மீனுக்கு இரண்டு மூன்று நிறமாலைகள் வந்தால் எதையும் வீசாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

நிறமாலையைத் திறந்ததும் பார்க்க வேண்டியது அலைநீளம் எந்தக் கணக்கில் என்பது. லாமோஸ்டும் ஸ்லோனும் வெற்றிட அலைநீளம் தருகின்றன. பாடநூல்களில் உள்ள 4861, 4340, 4471 எல்லாம் வளி அலைநீளங்கள். 4500 அங்ஸ்ரம் அருகே வித்தியாசம் ஏறத்தாழ 1.3 அங்ஸ்ரம். சிறிய தொகைதான், ஆனால் ஆரைவேகமாக (நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகமாக) மாற்றினால் செக்கனுக்கு 80 கிலோமீற்றருக்கு மேல். உங்கள் பட்டியலில் உள்ள அத்தனை விண்மீன்களும் நம்மை விட்டு விலகி ஓடுவதாக வந்தால் காரணம் இதுதான்.

அடுத்து தொடர் மட்டத்தை, அதாவது கோடுகளுக்கு இடையிலுள்ள பின்னணி ஒளியை, 1 ஆக்க வேண்டும். அதன் சரிவைக் கொண்டு வெப்பநிலை சொல்ல முயலாதீர்கள், தூசு அதை மாற்றிவிடும். துணைக்குள்ளன்களின் பாமர் கோடுகள் (ஐதரசன் கோடுகள்) அகலமானவை. கோட்டின் சிறகைத் தொடர் மட்டமென்று நினைத்து வளைகோட்டைப் பொருத்தினால் கோடு ஒல்லியாகிவிடும், அதிலிருந்து கணிக்கும் மேற்பரப்பு ஈர்ப்பும் குறைந்துபோகும். எச் காமாவுக்கு (4340இல் உள்ள பாமர் கோடு) இருபுறமும் குறைந்தது 50 அங்ஸ்ரம் விட்டுப் பொருத்துங்கள். 3900க்குக் கீழே கோடுகள் ஒன்றோடொன்று மோதுவதால் அங்கே உண்மையான தொடர் மட்டமே கிடையாது. அந்தப் பகுதியைக் கண்ணால் பார்க்கலாம், அளக்க வேண்டாம்.

இனிக் கோடுகளை வாசிப்போம். பாமர் கோடுகள் ஓங்கி, நடுநிலை ஈலியத்தின் 4471 மெலிந்தோ இல்லாமலோ இருந்தால் எஸ்டிபி. அதோடு அயனாக்கிய ஈலியத்தின் 4686ம் எட்டிப் பார்த்தால் எஸ்டிஓபி. 4686ம் 4541ம் வலுத்து 4471 மங்கினால் எஸ்டிஓ. ஈலியக் கோடுகளே ஐதரசனை அமுக்கி நின்றால் ஈலிய எஸ்டிஓ; அதிலும் நடுநிலை ஈலியம் முந்தினால் ஈலிய எஸ்டிபி. எஸ்டிபிகளில் ஈலியம் இவ்வளவு குறைவாக இருப்பது ஏன் என்று கேட்பார்கள். வலுவான ஈர்ப்பில் ஈலியம் கீழே அமிழ்ந்துவிடுகிறது, ஐதரசன் மேலே மிதக்கிறது. உள்ளே ஈலியம் எரிந்தும் மேற்பரப்பில் அது தென்படாததன் காரணம் அதுதான்.

பெயர் மட்டும் போதாது, எண்ணும் வேண்டும். 2013இல் டிரில்லிங் குழுவினர் கொடுத்த ஈலிய வகுப்பு 0 முதல் 40 வரை ஓடுகிறது. கீழ்ப்பாதிக்கான கணக்கு: 4471இன் ஆழத்தையும் (1 என்ற மட்டத்திலிருந்து கோடு இறங்கும் அளவு) 4541இன் ஆழத்தையும் கூட்டுங்கள். எச் காமாவின் ஆழத்திலிருந்து 4541இன் ஆழத்தில் 0.83 பங்கைக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 20ஆல் பெருக்குங்கள். 4471 ஆழம் 0.08, 4541 ஆழம் 0.02, எச் காமா 0.42 என்று வையுங்கள். மேலே 0.10, கீழே 0.403, விடை 5. விடை 20ஐத் தாண்டினால் பின்னத்தைத் தலைகீழாக்கி 20ஆல் பெருக்கி 40இலிருந்து கழிக்க வேண்டும்.

அந்த 0.83 எதற்கு? அயனாக்கிய ஈலியத்துக்கு பிக்கரிங் தொடர் என்று ஒன்று உண்டு. அதில் ஒன்றுவிட்டு ஒரு கோடு பாமர் கோட்டின் மேலேயே விழுகிறது: 4859 எச் பீற்றாவில், 4339 எச் காமாவில், 4100 எச் தெல்தாவில். இடையில் வரும் 5411, 4541, 4200 தனியாக நிற்கும். எனவே எச் காமா என்று நாம் அளப்பதில் ஒரு பங்கு ஈலியத்தினுடையது. பக்கத்துக் கோட்டைப் பார்த்து அதைக் கழிக்கிறோம். ஐதரசனே இல்லாத ஈலிய எஸ்டிஓவை எஸ்டிஓ என்று எழுதிவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது. 5411, 4859, 4541, 4339, 4200, 4100 ஆகிய ஆறையும் ஒரே வரைபடத்தில் வைத்து ஆழங்களைப் புள்ளியிடுங்கள். படிப்படியாகச் சீராக இறங்கினால் எல்லாம் ஈலியம். 4859ம் 4339ம் 4100ம் மட்டும் அக்கம்பக்கத்தைவிட ஆழமாகத் தொங்கினால் ஐதரசன் இருக்கிறது. இந்த ஒரு வரைபடத்தை எவ்வளவு அவசரமானாலும் தவிர்க்க வேண்டாம்.

இரைச்சலையும் நேர்மையாகக் கணக்கில் எடுங்கள். சமிக்ஞை இரைச்சலைப்போல் 10 மடங்குதான் என்றால் இரைச்சலே 0.1 ஆழம். மேலே நாம் கூட்டிய ஈலிய ஆழம் முழுவதும் அதே 0.1தான். அப்படிப்பட்ட நிறமாலைக்கு வகுப்பு 5 என்று எழுதுவது தவறு. எஸ்டிபி, ஈலிய வகுப்பு அளக்கவில்லை என்று எழுதுங்கள். எண்ணுக்கு 30ஆவது வேண்டும், 50 இருந்தால் நல்லது. லாமோஸ்டில் இன்னொரு பொறி: நிறமாலைமானியின் நீலக் கையும் சிவப்புக் கையும் தனித்தனியாக எடுத்த பகுதிகள் 5700க்கும் 5900க்கும் இடையில் ஒட்டப்படுகின்றன. நடுநிலை ஈலியத்தின் 5876 சரியாக அந்த ஒட்டில் விழுகிறது. அங்கே தெரியும் பள்ளத்தையோ மேட்டையோ 4471ம் 6678ம் ஒத்துக்கொள்ளாமல் நம்பாதீர்கள்.

துணைக்குள்ளன் போலத் தோன்றும் ஆள்மாறாட்டக்காரர்களைக் கண்டுபிடிக்க பாமர் கோடுகளின் அகலமும் அந்தக் கோடுகளின் வரிசை எங்கே முடிகிறது என்பதும் உதவும். ஈர்ப்பு கூடக்கூடக் கோடு அகன்று உயர் கோடுகள் சீக்கிரம் கரைந்துவிடும். வெண்குள்ளனில் எச் பீற்றாவின் சிறகுகள் இருபுறமும் நெடுந்தூரம் விரியும், எட்டாம் ஒன்பதாம் கோட்டோடு வரிசை மறைந்துபோகும். எஸ்டிபியில் ஏறத்தாழ பன்னிரண்டு வரை எண்ணலாம். கிடைக்கிளை நீல விண்மீன்களில் (ஈர்ப்புக் குறைந்த, ஈலியம் எரிக்கும் விண்மீன்கள்) கோடுகள் ஒல்லியாக அதற்கும் அப்பால் போகும். எச் அல்பா மேல்நோக்கி நின்றால் திணிவு பரிமாறும் இரட்டையா என்று பாருங்கள். 5007இல் ஒட்சிசன் காலல் கோடு தெரிந்தால் அது கோள் நெபுலா ஒன்றின் நடு விண்மீனாக இருக்கலாம்.

இரட்டைகள்தான் இந்தத் துறையின் பெரும் தலைவலி, அதேசமயம் அதன் அழகும். கணிசமான எஸ்டிபிகளுக்கு எஃப், ஜி, கே வகைத் துணை உண்டு. 3934இல் கல்சியம், 4300இல் ஜி பட்டை, 5167 முதல் 5184 வரை மகனீசிய மும்மை, 8500 அருகே கல்சிய மும்மை ஆகியவை துணையின் கையெழுத்து. கல்சியம் 3934 மட்டும் தெரிந்தால் அவசரப்படாதீர்கள். விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயுவும் அதே கோட்டைத் தரும். மகனீசியமும் சேர்ந்து தெரிய வேண்டும். துணையின் ஒளி கலந்தால் எச் காமாவின் ஆழம் குறையும், ஈலிய வகுப்புக் கணக்கே பிசகும். அவற்றுக்குக் கூட்டு நிறமாலை என்று குறி போட்டு எண்ணைக் காலியாக விடுங்கள். மங்கிய செங்குள்ளன் துணை என்றால் நிறமாலையில் ஒன்றும் தெரியாது, ஆரைவேகம்தான் காட்டிக்கொடுக்கும். எச்டபிள்யூ வெர்ஜினிஸ் என்ற அப்படிப்பட்ட இரட்டையின் சுற்றுக்காலம் 2.8 மணிதான். வீச வேண்டாம் என்று சொன்ன அந்த மேலதிக நிறமாலைகள் இப்போது பயன்படும்: வேகம் ஒவ்வொன்றிலும் மாறினால் பக்கத்தில் ஒரு துணை இருக்கிறது.

வகை தெரியவில்லை என்பதற்கும் ஒரு குறியீடு வையுங்கள், கேள்விக்குறி போடத் தயங்காதீர்கள். ஐம்பது விண்மீன்களை வகைப்படுத்தி முடித்த பிறகு, பெயர்களை மறைத்து, ஒரு மாதம் கழித்து அதே ஐம்பதையும் மறுபடி வகைப்படுத்துங்கள். இரண்டு முறையும் ஒத்துப்போகாத விண்மீன்களின் விகிதம்தான் உங்கள் பட்டியலின் உண்மையான வழு. அதையும் முகப்பிலேயே எழுதி வையுங்கள்.

இனித் தொலைநோக்கி. 8 அங்குலமும் பிரிதிறன் 600 உள்ள பிளவு நிறமாலைமானியும் இருந்தால் பிரகாசமான சிலவற்றை நீங்களே எடுக்கலாம். பிளவில்லாத கீற்றணி (grating) இதற்கு ஆகாது. அதில் 4471 கரைந்துபோகும். மலையகத்தில் பெரிய தொல்லை பனிமூட்டம். பனி இறங்கினால் தெரு விளக்கின் ஒளி வானம் முழுக்கப் பரவும். பழைய இரச விளக்கு பக்கத்தில் இருந்தால் அதன் 4358 கோடு, எச் காமா 4340க்கும் ஈலியம் 4388க்கும் நடுவில் வந்து உட்காரும். வானப் பின்னணியைச் சரியாகக் கழிக்காவிட்டால் எச் காமாவின் சிவப்புச் சிறகில் ஒரு முள் நிற்கும், ஆழமும் அகலமும் இரண்டுமே கெடும். அதே கோடு வேறு விதத்தில் நண்பன்: வீட்டுச் சுருள் சிஎஃப்எல் குமிழின் 4047, 4358, 5461 மூன்றையும் வைத்து அலைநீள அளவுத்திருத்தத்தைச் சரிபார்க்கலாம். வில்லை முகப்பில் ஈரம் படியாமல் சூடாக்கும் பட்டி கட்டுங்கள்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் தென்மேற்குப் பருவத்தில் வானம் மூடியே கிடக்கும். உங்களுக்கு உகந்தது நிலத்தில் உறைபனி விழும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பெப்ரவரி நடுவில் இரவு 9 மணியளவில் எச்டி 49798 தெற்கே உச்சத்துக்கு வரும். பொலிவெண் 8.3, எஸ்டிஓ வகை. உச்சத்திலும் 39 பாகை உயரம்தான் என்பதால் தெற்கே மலை மறைக்காத இடமாகப் பாருங்கள். ஜூலையில் ஹட்டனில் மழை, ஆனால் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஊவாவின் வறண்ட காலம். அங்கே உறவினர் வீடு இருந்தால் கருவிகளை எடுத்துக்கொண்டு போங்கள். ஜூலை நடுவில் அதே 9 மணிக்கு எச்டி 149382 கிட்டத்தட்டத் தலைக்கு மேல் நிற்கும். பொலிவெண் 8.9, வெப்பநிலை 35,000 கெல்வினை ஒட்டியது. பத்து நிமிடப் படங்கள் ஆறு எடுத்துக் கூட்டுங்கள். பொதுவாக அதை எஸ்டிபி என்றே சொல்வார்கள். 4686 உங்கள் நிறமாலையில் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்ததை எழுதுங்கள்.