பன்றிக் கிருமியைப் படிக்க ஆசைப்படும் மகள்: அப்பாவுக்கு ஒரு பதில்

மன்னார்குடியிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "பிளஸ் டூ படிக்கும் மகள், பன்றிகளுக்கு நோய் தரும் பாக்டீரியாவை மரபணு வைத்து வகைபிரிக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். இதை நம்பிப் படிக்க வைக்கலாமா?"

ஐயா, சிரிப்பவர்களை விடுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்றொரு கிருமி. பன்றிக்குட்டிகளுக்கு மூளைக்காய்ச்சல் வரவைக்கும். பச்சை இறைச்சியைக் கையாளும் மனிதர்களையும் தொற்றும். பிழைத்தவர்களில் பலருக்குக் காது கேட்காமல் போய்விடுகிறது. 2005இல் சீனாவின் சிச்சுவானில் 200 பேருக்கு மேல் தொற்றி, 38 பேர் இறந்தார்கள். அங்கே பரவியது எஸ்டி 7 என்ற வகை என்று காட்டியது உங்கள் மகள் சொல்லும் இந்த வேலைதான். கிருமியின் ஏழு மரபணுக்களின் டிஎன்ஏ வரிசையைப் படித்து, ஒவ்வொரு மரபணுவிலும் காணும் மாறுபட்ட வடிவத்துக்கு ஓர் எண் தருவார்கள். ஏழு எண்களும் சேர்ந்து அதன் வகையைச் சொல்லும். இரண்டு பண்ணைகளில் செத்த குட்டிகளிடம் இருந்தது ஒரே வகைதானா என்று இதை வைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, இந்த முறையே 1998இல் மனிதர்களின் மூளைக்காய்ச்சல் கிருமிக்காக வந்தது. அதனால் இதைக் கற்றவருக்கு மருத்துவமனை ஆய்வகமும் தடுப்பூசி நிறுவனமும் திறந்தே இருக்கும். பன்றியோடு முடிகிற படிப்பு இல்லை.

சரி, எந்தப் படிப்பு? முதலில் கால்நடை மருத்துவம், அப்புறம் நுண்ணுயிரியலில் எம்.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவ முதுநிலைப் படிப்பு என்பேன். ஆராய்ச்சி வேலைகளில் பெரும்பாலானவை திட்டக் காலத்துக்கு மட்டும்தான். நிரந்தர இடம் குறைவு. பி.வி.எஸ்சி. என்ற ஐந்தரை வருடக் கால்நடை மருத்துவப் பட்டம் கையில் இருந்தால் அரசு கால்நடை உதவி மருத்துவர் வேலைக்கோ சொந்த கிளினிக்குக்கோ போகலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு மட்டும் நீட். உயிரியல், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் கவனம் வேண்டும்.

சீட் கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் எடுக்கட்டும். எந்த வழியில் போனாலும் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரலெழுத இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இன்று கிருமியின் முழு மரபணுத் தொகுதியையே படிக்கிறார்கள், பாதி வேலை கணினியில்தான். அரையாண்டு விடுமுறையில் அவளை ஒரத்தநாட்டுக்கு அழைத்துப் போங்கள். நுண்ணுயிரியல் துறை ஆசிரியர்களிடம் அவளே பேசட்டும்.